பாரம் சுமந்த பாட்டனார்

உண்ணும் உணவும், உடுக்கும் உடையும், எழுதும் தாளும், எரிக்கும் எண்ணெயும் நம் வீட்டு வாயிலுக்குத் தாமே நடந்து வருவன அல்ல. ஒரு பொருள் விளையும் இடம் ஒன்று. அது வேண்டப்படும் இடம் வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடையே ஆறுகளும் மலைகளும் காடுகளும் கிடக்கின்றன. அவற்றையெல்லாம் கடந்து பொருளைக் கொண்டுவந்து சேர்ப்போர் ஒரு சாரார் உளர். நெல் விளைக்கும் உழவரைப் போற்றுகின்றோம். ஆடை நெய்யும் நெசவாளரைப் பாராட்டுகின்றோம். ஊர் உறங்கும் வேளையில் கண் விழித்துப் பாரவண்டி செலுத்துவோரை நினைப்பவர் மிகச் சிலரே ஆவர். அத்தகைய உழைப்பாளர் ஒருவரின் வாழ்க்கை ஈண்டுக் கூறப்படுகின்றது. அவர் பெரும்பதவி வகித்தவர் அல்லர். பட்டம் பெற்றவரும் அல்லர். லாரி ஓட்டிப் பிழைத்தவர். பின்னர் ஒரு பேத்திக்குப் பாட்டனாராய் வாழ்ந்தவர்.

கொங்கு நாட்டில் உள்ள பேரூர்களுள் ஒன்று நாமக்கல். ஒரே கல்லாய் ஓங்கி நிற்கும் மலையும் அதன்மேல் அமைந்த கோட்டையும் அவ்வூருக்கு அடையாளமாகும். காவிரி நீர் பாயும் இடங்கள் நீங்கலாக, அதனைச் சூழ்ந்த நிலங்களுள் பல வானம் பார்த்த பூமியே. மழை பொய்த்த ஆண்டுகளில் நிலத்தை மட்டும் நம்பி வாழ இயலாத குடிகள் பல லாரித் தொழிலை நாடின. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்கள் இத்தொழிலால் நாடெங்கும் பெயர் பெற்றன. தொழிற்சாலையிலிருந்து எஞ்சினும் அடிச்சட்டமும் சக்கரங்களுமாக வரும் வண்டிக்கு, மரத்தாலும் இரும்பாலும் கூண்டும் பாரத்தட்டும் அமைத்து முழு உருவம் கொடுக்கும் பட்டறைகள் நாமக்கல்லில் மலிந்தன. தச்சரும் கொல்லரும் வண்ணம் தீட்டுவோரும் அங்கு ஒருங்கே உழைத்தனர்.

இந்நகருக்கு அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றில், 1946ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு அவருடைய பள்ளிப்படிப்பு முடிந்தது. சில ஆண்டுகள் தந்தையாரோடு நிலத்தில் உழைத்தார். 1962இல், தமது பதினாறாம் அகவையில், ஒரு லாரியில் கிளீனராகச் சேர்ந்தார். வண்டியைக் கழுவுதல், சக்கரம் கழற்றி மாட்டுதல், தார்ப்பாயை இழுத்துக் கயிறு கட்டுதல், வழியில் அடுப்பு மூட்டிச் சோறு சமைத்தல் ஆகியவை கிளீனரின் கடமைகள். ஒவ்வொரு முறை வண்டி நின்றபோதும் இரும்புக் கம்பியால் சக்கரங்களைத் தட்டிப் பார்ப்பார். காற்று நிரம்பிய சக்கரம் கணீரென்று ஒலிக்கும். காற்றிழந்தது மந்தமாக ஒலிக்கும். ஒலியைக் கேட்டே குறையை அறியும் திறனை அவர் விரைவில் பெற்றார். ஆறு ஆண்டுகள் இவ்வாறு பயின்றபின், 1968இல் ஓட்டுநர் உரிமம் பெற்றார்.

அந்நாளைய லாரியைச் செலுத்துதல் எளிய செயலன்று. ஸ்டியரிங் சக்கரத்தைத் தோள்வலிமை முழுவதும் கொண்டு திருப்ப வேண்டும். கியரை மாற்றும்பொழுதெல்லாம் கிளட்ச்சை இருமுறை மிதிக்க வேண்டும். நெடுஞ்சாலைகளும் பெரும்பாலும் குறுகியவை. எதிரே ஒரு வண்டி வரின் ஒதுங்கி வழிவிட வேண்டியிருந்தது. வாரணாசியையும் கன்னியாகுமரியையும் இணைத்த 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நாமக்கல் வழியாகவே சென்றது. 2010ஆம் ஆண்டில் நெடுஞ்சாலைகளின் எண்கள் மாற்றி அமைக்கப்பட்டபோது, நாமக்கல் வழியே செல்லும் அச்சாலை, சிறீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் 44ஆம் எண் நெடுஞ்சாலையின் பகுதி ஆயிற்று. அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தது அச்சாலையிலேயாம்.

சேலம், நாமக்கல் பகுதிகளில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி ஆக்கப்படுகின்றது. மராட்டிய நாட்டில் நோன்பு நாள்களில் சோறு உண்ணாதோர் ஜவ்வரிசியை உணவாகக் கொள்வர். ஆதலின் அப்பொருளுக்கு அங்கு மதிப்பு மிகுதி. மூட்டை ஒன்று 90 கிலோ எடை கொண்டதாக நூறு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாகபுரிக்கு அவர் செல்வார். மாநில எல்லைகளில் இருந்த சோதனைச் சாவடிகளில் பல மணி நேரம் காத்துக் கிடப்பார். திரும்பும்போது நாகபுரி ஆரஞ்சுப் பழங்களை ஏற்றி வருவார். தமிழும், தெலுங்கும், கன்னடமும், இந்தியும் வழியிலேயே அவருக்குப் பழகின. ஏட்டிற் படிக்காத எழுத்துகளை ஊர்ப்பலகைகளைக் கண்டு கற்றார்.

வண்டி ஏற்றத்தில் ஏறுவதைக் காட்டிலும் இறக்கத்தில் இறங்குவதே அரிது என்பது அவர் அடிக்கடி கூறிய மொழி. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் வழியில் தொப்பூர்க் கணவாய் உள்ளது. பாரம் ஏற்றிய வண்டி அச்சரிவில் இறங்கும்போது, பிரேக்கை ஓயாது மிதித்தால் உராய்வினால் அது சூடேறும். சூடேறிய பிரேக் தன் பிடியை இழந்துவிடும். குறைந்த கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியை விடாது இழுத்துப் பிடிக்கும். சிறிதளவு டீசல் மிச்சமாகும் என்று எண்ணி, கியரை விடுவித்து வண்டியைத் தன் போக்கில் ஓடவிட்டு உயிரிழந்தோர் பலர். 'எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கு' என்பது ஓட்டுநர்களிடையே வழங்கும் விதி. அவ்விதியினின்று அவர் ஒருநாளும் வழுவினார் அல்லர்.

1972இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அப்போது அவர் நாகபுரியில் இருந்தார். குழந்தை பிறந்த எட்டாம் நாளே அதன் முகத்தைக் கண்டார். மகன் தவழ்ந்ததையும், நடந்ததையும், பள்ளியில் சேர்ந்ததையும் அவர் பிறர் சொல்லக் கேட்டவரேயன்றி நேரிற் கண்டவர் அல்லர். மாதத்தில் நான்கைந்து நாள்களே வீட்டில் தங்குவார். அவற்றுள்ளும் பாதி உறக்கத்திலேயே கழியும். வழியிலிருந்து அஞ்சலட்டை எழுதுவார். 'நலமாகச் சேர்ந்தேன், நலமாகத் திரும்புவேன்' என்பதற்கு மேல் அதில் எழுதத் தெரியாது. வீட்டையும் நிலத்தையும் ஆட்டையும் மாட்டையும் மனைவியாரே தனியராய்க் காத்தார். மகனை மேல்வகுப்புகள் வரை படிக்க வைத்தவரும் அவ்வம்மையாரே.

1975ஆம் ஆண்டு அவர் வாழ்வில் மறக்க இயலாத ஆண்டாகும். கிளீனராக இருந்த நாள் முதல் அவரோடு பழகிய நண்பர் ஒருவர் உடன் வர, இருவரும் இரண்டு லாரிகளில் வடக்கே சென்றனர். விரைந்து சேர்ப்பவருக்கு மிகுதியான பணம் தருவதாகச் சரக்குக்கு உரியவர் கூறியிருந்தார். இரண்டு இரவுகள் உறங்காது ஓட்டினர். மூன்றாம் நாள் விடியற்காலத்தில், சாலையோரப் புளியமரத்தில் மோதி நண்பரின் வண்டி நொறுங்கியது. நண்பர் அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். அவருக்கு ஊரில் இளமனைவியும் மூன்று அகவை மகனும் இருந்தனர். உடலைக் கொண்டுவந்து அவர்கள் முன் இறக்கி வைத்தவர் இவரே. அத்திங்கள் முதல், தம் கூலியோடு கிடைத்த வழிப்படியில் ஒரு பகுதியை அக்குடும்பத்திற்கு அனுப்பி வந்தார். அச்சிறுவன் வளர்ந்து ஆசிரியப் பயிற்சி முடிக்கும் வரை அவ்வுதவி ஒரு திங்களும் தவறவில்லை. நண்பருக்குச் செய்யும் கடமை என்றே ஊரார் அதனைக் கருதினர். வேறொரு காரணமும் உண்டென்பதை அவர் எவரிடமும் உரைக்கவில்லை.

அன்று முதல் உறக்கம் வந்தால் வண்டியை நிறுத்திவிடுவது அவருடைய வழக்கமாயிற்று. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்க்கென 1961ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், வேலை நேரத்தை நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என வரையறுத்தது. நெடுந்தொலைவுப் பயணத்திற்குச் சிறிது தளர்வு அளித்தது. ஐந்து மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து வேலை செய்யலாகாது, இடையே அரைமணி ஓய்வு வேண்டும் என்றும் விதித்தது. ஏட்டில் எழுதப்பட்ட விதி சாலையில் எப்போதும் நடைமுறைக்கு வரவில்லை. அவரோ அவ்விதியைத் தாமே தமக்கு விதித்துக்கொண்டார். அதனால் சில சமயம் வண்டி காலம் தாழ்த்துச் சேர்ந்தது, உரிமையாளர் கடிந்துகொண்டார், கூலியும் குறைந்தது. அவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டார்.

2004ஆம் ஆண்டில், அவருக்கு 58 அகவை நிரம்பியபோது, இரவில் எதிரே வரும் வண்டிகளின் விளக்கொளி கலங்கித் தோன்றக் கண்டார். கண்ணில் புரை படரத் தொடங்கியிருந்தது. எவரும் கேளாமலே உரிமையாளரிடம் சென்று சாவியை வைத்தார். "இரவில் வேண்டா, பகலில் மட்டும் ஓட்டுங்கள்" என்றார் உரிமையாளர். "மலைச்சாலையில் இறங்குகிறவன் ஏறுகிறவனுக்கு வழிவிட வேண்டும், ஐயா. நான் இறங்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன்" என்று கூறி விடைபெற்றார். பின்னர்க் கண்ணில் அறுவை செய்துகொண்டு பார்வை தெளிவுற்றபோதும், மீண்டும் லாரியில் ஏறவில்லை.

மகனும் லாரித் தொழிலிலேயே ஈடுபட்டார். தந்தையின் சேமிப்போடு வங்கிக் கடனும் பெற்று 2005இல் ஒரு லாரி வாங்கினார். சில ஆண்டுகளில் அது மூன்றாயிற்று. அவருடைய மகள் 2008ஆம் ஆண்டில் முதல் வகுப்பில் சேர்ந்தாள். சேர்க்கும் நாளன்று, "நீயும் உடன் சென்று வா, குழந்தை மகிழ்வாள்" என்றார் பெரியவர். மகனுக்கு அன்று வேலை மிகுதி. "என்னைப் பள்ளியில் சேர்த்த நாளில் நீங்கள் எங்கே இருந்தீர்கள், அப்பா? என் பள்ளியின் வாயிலை ஒருநாளாவது கண்டதுண்டா?" என்று கேட்டுவிட்டார். பெரியவர் மறுமொழி கூறவில்லை. கூறத்தக்க மறுமொழியும் அவரிடம் இல்லை. சட்டையை அணிந்துகொண்டு பேத்தியின் கையைப் பற்றித் தாமே புறப்பட்டார்.

கொங்கு நாட்டில் தந்தையின் தந்தையை 'அப்பாரு' என அழைப்பர். அன்று முதல் பத்தாண்டுகளுக்கு மேலாக, அப்பாருவும் பேத்தியும் பள்ளிக்குச் செல்லும் காட்சி அவ்வூரார் நாள்தோறும் காண்பதாயிற்று. காலையில் கொண்டுவிடுவார். மாலையில் மணி அடிப்பதற்கு அரைமணி முன்னரே சென்று, பள்ளியின் எதிரே உள்ள வேப்பமரத்து நிழலில் நிற்பார். மழையாயினும் வெயிலாயினும் அவ்விடத்தில் அவரைக் காணலாம். ஒருநாள் அவ்வழியே வண்டியில் வந்த மகன் தந்தை நிற்பதைக் கண்டார். வண்டியின் விரைவைக் குறைத்துச் சிறிது நேரம் நோக்கியிருந்துவிட்டு, ஒன்றும் பேசாது சென்றார்.

வழிநடையே பேத்திக்கு ஒரு பள்ளியாயிற்று. "நடைபாதை இல்லாத சாலையில் வலப்பக்கமாக நட, எதிரே வரும் வண்டி உன் கண்ணுக்குத் தெரியும்" என்பார். "லாரியை ஒட்டிச் செல்லாதே. ஓட்டுநர் எவ்வளவு கருத்தாக இருந்தாலும் அவர் கண்ணுக்கு எட்டாத இடங்கள் உண்டு. அவருடைய கண்ணாடியில் அவர் முகம் உனக்குத் தெரியவில்லையானால், நீயும் அவருக்குத் தெரியமாட்டாய்" என்பார். அவள் மிதிவண்டி பழகியபோது, நாள்தோறும் சக்கரத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்த பின்னரே ஏறவிடுவார். புவியியற் பாடத்தில் ஆறுகளின் பெயரை அவள் மறந்தபோது, "நான் நாகபுரிக்குப் போகும் வழியைச் சொல்கிறேன், நீயும் என்னோடு வா" என்று தொடங்குவார். தென்பெண்ணை, பெண்ணாறு, துங்கபத்திரை, கிருஷ்ணை, கோதாவரி, பைன்கங்கை என ஒவ்வோர் ஆற்றின் பாலமும், அக்கரையில் உண்ட உணவும், அங்குக் கேட்ட மொழியும் அவர் வாயிலிருந்து வரிசையாக வரும். அதன்பின் அவள் அவ்வாறுகளை மறந்ததில்லை.

2016ஆம் ஆண்டில் ஒருநாள் மாலை, நாமக்கல் முட்டைகளை ஏற்றிய லாரி ஒன்று மகனுடைய நிலையத்தில் நின்றது. விடியுமுன் அது கேரளத்திற்குச் சேர வேண்டும். அதற்குரிய ஓட்டுநர் திடீரென நோயுற்றார். அன்று நண்பகலில்தான் வடநாட்டிலிருந்து திரும்பியிருந்த இளைஞர் ஒருவரை மகன் அனுப்ப முனைந்தார். இளைஞரின் கண்கள் சிவந்திருந்தன. பேத்தியோடு அங்கு வந்த பெரியவர் அதனைக் கண்டார். "தம்பி, உறங்கி எத்தனை நாள் ஆயிற்று?" என்று வினவினார். இளைஞர் தலை கவிழ்ந்தார். பெரியவர் மேசைமீதிருந்த சாவியை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். "நான்கு மணி நேரம் இவன் உறங்கட்டும், பிறகு தருகிறேன்" என்று கூறி அமர்ந்துவிட்டார். மகன் எவ்வளவு வேண்டியும் அவர் அசையவில்லை. லாரி நள்ளிரவுக்குப் பின்னரே புறப்பட்டது. காலம் தாழ்ந்தமையால் வாங்குவோர் விலையைக் குறைத்தனர். மகனுக்கு இழப்பு நேர்ந்தது. மூன்று நாள் அவர் தந்தையோடு பேசவில்லை.

நான்காம் நாள் இரவு பெரியவர் தாமே மகனை அழைத்து அருகில் அமர்த்திக்கொண்டார். நாற்பத்தோர் ஆண்டுகள் எவரிடமும் கூறாத செய்தியைக் கூறினார். "அவன் இறப்பதற்கு முந்தின மாலை, 'கண் எரிகிறது; சற்றுப் படுத்து எழுந்து போகலாம்' என்று என்னிடம் கேட்டான். 'இன்னும் கொஞ்ச தூரந்தான், ஓட்டு' என்று சொன்னவன் நான். எனக்கும் அந்தப் பணம் வேண்டியிருந்தது. அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை மாதம் பணம் அனுப்பினாலும் ஈடாகுமா? நீயும் அப்படி ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வாழ்நாளெல்லாம் சுமக்க வேண்டா, அப்பா" என்றார். மகனைப் பரிவோடு 'அப்பா' என்று விளித்தல் நம் நாட்டு வழக்கம் அன்றோ! மகன் நெடுநேரம் வாளாவிருந்தார். பிறகு, "ஒவ்வொரு மாதமும் நீங்கள் அனுப்பிய பணத்தை மட்டுமே கண்டேன், இதனை அறியேன்" என்று மெல்லக் கூறினார். தந்தை வீட்டில் இல்லாத குறையை மட்டும் நெஞ்சில் வைத்திருந்த மகன், அவர் சாலையில் சுமந்த பாரம் எத்தகையது என்பதை அன்று அறிந்தார். கதவின் அருகே நின்ற பேத்தியும் அதனைக் கேட்டாள்.

2019ஆம் ஆண்டில், தமது 73ஆம் அகவையில், பெரியவர் காலமானார். செய்தி கேட்டு வந்தோருள் ஓட்டுநர் பலர் இருந்தனர். அவர்கள் வந்த லாரிகள் ஊரின் எல்லைவரை வரிசையாக நின்றன. பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய ஒருவரும் வந்தார். அவர் 1975இல் தந்தையை இழந்த அச்சிறுவரே. பெரியவரின் மகனோடு சேர்ந்து அவரும் பாடைக்குத் தோள் கொடுத்தார்.

அவர் விட்டுச் சென்ற செல்வம் சிறிது நிலமும் ஒரு வீடுமே. ஆயினும் வேறொன்றும் அவர் பெயரால் நிலைத்தது. மகனுடைய நிலையத்தில் லாரிச் சாவிகள் மாட்டும் பலகை ஒன்று உண்டு. எந்த ஓட்டுநர் வந்து கை நீட்டினாலும், "உறங்கினாயா?" என்று கேட்டு, விடை பெற்ற பின்னரே மகன் சாவியை எடுத்துக் கொடுக்கின்றார். ஆம் என்று சொல்ல இயலாதவருக்குப் படுக்க ஒரு கட்டிலும் அங்கே இடப்பட்டுள்ளது. சரக்கு அவசரமாயினும் அவ்வினா விடப்படுவதில்லை.

மாணவர்களே! சாலையில் ஒரு லாரி செல்லக் காணும்போது அதன் ஓசையையும் புகையையும் மட்டும் எண்ணற்க. அதனைச் செலுத்துபவர் ஒரு வீட்டின் தந்தை; ஒரு பேத்தியின் பாட்டனார். எங்கோ ஒரு வாயிலில் அவர் வரவை நோக்கி ஒருவர் காத்திருக்கின்றார். அவர் நலமாய்ச் சேர்தல் வேண்டும் என விரும்புவோர், அவருக்குச் சாலையில் வழிவிட்டுச் செல்வாராக. பொருள் சிறிது காலம் தாழ்ந்து வரினும் பொறுத்துக்கொள்வாராக.